ஃப்ரீ ஷிப்பிங்னு போட்டிருந்தான், அப்புறம் எதுக்கு வாசல்ல வந்து காசு கேக்குறான்?

வெளிநாட்டு சைட்ல முதல் தடவை ஆர்டர் போடுற எல்லாரும் கேக்குற கேள்வி இது. பொருள் பத்தாயிரம், ஷிப்பிங் ஃப்ரீ, கார்டுல காசும் போயிடுச்சு, பத்து நாள் கழிச்சு கூரியர்ல இருந்து மெசேஜ் வருது, இன்னும் நாலாயிரம் கட்டுங்க, ஆதார் அனுப்புங்கன்னு. ஏமாத்துறாங்களோன்னு பயந்து பாதிப்பேர் பார்சலையே வேணாம்னுடுறாங்க. ஏமாத்து வேலை இல்ல (சில சமயம் ஏமாத்து வேலையும் உண்டு, கடைசில சொல்றேன்). நாம பாத்தது பொருளோட விலை, வீட்டு வாசலுக்கு வந்து சேர்ற விலை தனிக் கணக்கு, அந்தக் கணக்கை ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல போட்டுப் பாத்துடலாம். அதைத்தான் இங்க சொல்லப் போறேன், தமிழ்நாட்டுல உக்காந்து வெளிநாட்டுல இருந்து சொந்த உபயோகத்துக்கு வாங்குறவங்களுக்கு மட்டும். வியாபாரத்துக்கு இறக்குறவங்க கதை வேற, அவங்களுக்கு ஐஇசி நம்பர் (இறக்குமதி, ஏற்றுமதி பண்றதுக்கு அரசாங்கம் தர்ற எண்) வேணும், ஏஜென்ட் வேணும், அது இங்க இல்ல.

வாசலுக்கு வந்து சேர்ற விலைல என்னென்ன இருக்கு? பொருள் விலை, அதை அங்கேருந்து இங்க கொண்டு வர்ற ஷிப்பிங், கஸ்டம்ஸ் போடுற வரி, அந்த வரியை நமக்காக கட்டி பேப்பர் வேலை பாக்குற கூரியர் கம்பெனி வாங்குற கூலி, அப்புறம் யாரும் கணக்குலயே எடுத்துக்காத ஒண்ணு, நம்ம கார்டுல பேங்க் அடிக்கிற ஃபாரக்ஸ் மார்க்கப், அதாவது வெளிநாட்டுக் காசுல கட்டுறதுக்கு எடுக்குற கூடுதல் கட்டணம்.

முதல்ல பொருள் விலைலயே மிச்சம் புடிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. பிரிட்டன், ஜெர்மனி மாதிரி ஊர்ல சைட்ல காட்டுற விலைக்குள்ளயே அந்த ஊர் வேட் வரி (நம்ம ஜிஎஸ்டி மாதிரி) அடங்கியிருக்கும், பிரிட்டன்ல 20 சதவீதம், ஜெர்மனில 19. நாட்டுக்கு வெளில போற சரக்குக்கு அந்த வரி கிடையாது. ஒழுங்கான கடையா இருந்தா டெலிவரி அட்ரஸ்ல இந்தியான்னு போட்ட உடனே 120 பவுண்டுன்னு காட்டினது 100 பவுண்டா இறங்கிடும். இறங்கலேன்னா கடைக்கு ஒரு மெயில் போட்டு கேளுங்க, சில சின்ன கடைங்க கேட்டா கழிச்சுத் தருவாங்க, சில கடைங்க எங்களால முடியாதுன்னுடுவாங்க. முடியாதுன்னு சொல்றவன்கிட்ட வாங்கினா அந்த ஊர் வரியையும் கட்டி நம்ம ஊர் வரியையும் கட்டுறோம்னு அர்த்தம். நானா இருந்தா வேற கடை பாப்பேன்.

அடுத்தது ஷிப்பிங். இங்க எல்லாரும் பொருளோட எடையை மட்டும்தான் பாக்குறாங்க, கூரியர்காரன் டப்பாவோட சைஸையும் சேத்துப் பாக்குறான். விமானத்துல இடத்துக்குத்தானே காசு, பஞ்சு மூட்டை லேசா இருந்தாலும் இடத்தை அடைச்சுக்குமில்ல. அதனால நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல அளந்து பெருக்கி 5000ஆல வகுப்பாங்க, வர்றது கிலோ. அதுக்குப் பேரு வால்யூமெட்ரிக் வெயிட். நிஜ எடை, இந்த எடை ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் பில். ஒரு கீபோர்டு டப்பா 45க்கு 20க்கு 10னு வச்சுக்கோங்க, பெருக்கினா 9000, வகுத்தா 1.8 கிலோ, தராசுல வச்சா 1.2 கிலோதான் இருக்கும், ஆனா 1.8க்குத்தான் காசு. அதே 40க்கு 30க்கு 30 பெட்டில ஒரு பொம்மை வந்துச்சுன்னா 7.2 கிலோ கணக்கு, பொம்மை ஒரு கிலோ கூட இருக்காது. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கரடி பொம்மையை கார்ட்ல போட்டுட்டு "அண்ணே, பொம்மையை விட ஷிப்பிங் மூணு மடங்கு காட்டுது, சைட்ல ஏதோ தப்பு போல"ன்னு போனோட வந்தான். "தப்பெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, பெட்டி சைஸைப் பாரு"ன்னு கணக்குப் போட்டுக் காட்டினேன், பேசாம க்ளோஸ் பண்ணிட்டான்.

அதனால விக்கிறவன்கிட்ட கேக்க வேண்டிய விஷயம், கடை டப்பாவை எடுத்துட்டு சின்ன பெட்டில பேக் பண்ண முடியுமா, வெளிப் பெட்டி இல்லாம கடை டப்பா மேலயே பபிள் ராப் சுத்தி அனுப்ப முடியுமா. சேகரிச்சு வைக்கிற ஐட்டம்னா டப்பா வேணும், சும்மா உபயோகத்துக்குன்னா எதுக்கு டப்பா? ஜப்பான்ல இருந்து நமக்காக வாங்கி அனுப்புற ப்ராக்ஸி சர்வீஸ்களும் சிலது நாலஞ்சு கடைல வாங்கினதை ஒரே பெட்டியா சேத்து அனுப்பித் தருவாங்க. சேக்குறதுக்கு ஒரு கட்டணம் இருக்கும், ஆனா பெரும்பாலும் லாபம்தான்.

இப்ப கஸ்டம்ஸ். இதுதான் பெரிய விஷயம், கொஞ்சம் நிதானமா பாப்போம்.

வரி போடுறது பொருள் விலைக்கு மட்டும் இல்ல. பொருள் விலை, இன்ஷூரன்ஸ், சரக்குக் கட்டணம் மூணையும் கூட்டி வர்ற தொகைக்குத்தான், சிஐஎஃப்னு சொல்லுவாங்க. ஷிப்பிங்குக்கும் சேத்து வரியான்னு கோவம் வரும், வரட்டும், ஆனா இதுலயே நமக்கு சாதகமா ஒண்ணு இருக்கு. 2007 கஸ்டம்ஸ் வேல்யூவேஷன் ரூல்ஸ்ல 10ஆவது விதி சொல்றது என்னன்னா, விமானத்துல வர்ற சரக்குக்கு ஷிப்பிங் எவ்வளவு ஆகியிருந்தாலும் பொருள் விலைல 20 சதவீதத்துக்கு மேல கணக்குல சேக்கக் கூடாது. பத்தாயிரம் ரூபாய் பொருளுக்கு மூவாயிரத்தி ஐநூறு ஷிப்பிங் குடுத்திருந்தாலும் வரிக் கணக்குக்கு ரெண்டாயிரம்தான். இன்ஷூரன்ஸ் எவ்வளவுன்னு தெரியலேன்னா 1.125 சதவீதம்னு போட்டுக்குவாங்க. அதே மாதிரி ஷிப்பிங் எவ்வளவுன்னு இன்வாய்ஸ்ல தெளிவா இல்லேன்னாலும் 20 சதவீதம்னு அவங்களே போட்டுக்குவாங்க. அதனாலதான் ஃப்ரீ ஷிப்பிங்னு வாங்கினாலும் இன்வாய்ஸ்ல பொருள் இவ்வளவு, ஷிப்பிங் இவ்வளவுன்னு பிரிச்சுப் போடச் சொல்லுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது. ஷிப்பிங் உள்ளடங்கின விலையை வெறும் பொருள் விலைன்னு எடுத்துக்கிட்டு அதுக்கு மேல இன்னொரு 20 ஏத்திட்டா சும்மா ஒரு தொகை போயிடும்.

சரி, ஒரு பேனா வாங்குறோம்னு வச்சுப்போம், ஜப்பான் ஃபவுண்டன் பேனா, பத்தாயிரம் ரூபாய், ஷிப்பிங் மூவாயிரத்தி ஐநூறு. வரிக்கான மதிப்பு எவ்வளவு? 10,000 கூட 2,000 கூட 112.50, ஆக 12,112.50.

சொந்த உபயோகத்துக்கு தபால்லயோ விமானத்துலயோ வர்ற சாமானுக்கு டாரிஃப் புக்குல (கஸ்டம்ஸ் வரிப் பட்டியல்) தனியா ஒரு தலைப்பு இருக்கு, 9804. ரொம்ப நாளா இதுக்கு அடிப்படை டியூட்டி 35 சதவீதம், அந்த டியூட்டி மேல 10 சதவீதம் சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ், இதெல்லாம் சேந்த மொத்தத்துக்கு மேல ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடுற ஜிஎஸ்டி, 28. கவனிங்க, வரி மேல வரி, படி மாதிரி ஏறும். எல்லாம் சேத்து 77.28 சதவீதம். ஹாபி குரூப்ல பழைய ஆளுங்களுக்கு இந்த 77.28 மனப்பாடம், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. நம்ம பேனாவுக்கு அப்ப 9,360 ரூபாய் வரி, கிட்டத்தட்ட இன்னொரு பேனா விலை!

இப்ப அந்த நிலைமை இல்ல. 2025 பட்ஜெட்ல 35ஐ 20ஆ குறைச்சாங்க, அதே வருஷம் செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாத்தம் வந்தப்ப 28ஐ 18ஆ குறைச்சாங்க, 2026 பட்ஜெட் உரைல 20ஐயும் 10ஆ ஆக்குறோம்னு அறிவிச்சாங்க. சர்சார்ஜை ஓரமா வச்சுட்டு வெறும் 10ஐயும் 18ஐயும் படியா அடுக்கினா 29.8 சதவீதம் வருது, நம்ம பேனாவுக்கு சுமார் 3,610. ஒன்பதாயிரத்து முந்நூறு எங்க, இது எங்க. ஆனா யூட்யூப்லயும் பழைய பதிவுகள்லயும் இன்னும் 77, 77னு சொல்லிக்கிட்டு இருக்கறவங்க நிறைய, அதைப் பாத்துட்டு வெளிநாட்டு ஆர்டரே வேணாம்னு ஒதுங்கினவங்களும் நிறைய. பிப்ரவரி மாச பட்ஜெட் முடிஞ்சதும் இந்த 9804 என்னாச்சுன்னு ஒரு தடவை பாத்துக்கிறது நல்ல பழக்கம், ஏன்னா ஏறவும் செய்யும்.

இங்கதான் நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயம். வரி 77ஆ இருந்த காலத்துல மத்த செலவெல்லாம் கண்ணுக்கே தெரியல, எல்லாப் பழியும் கஸ்டம்ஸ் மேலதான். இப்ப பாருங்க, பேனாவுக்கு ஷிப்பிங் 3,500, வரி 3,610, ரெண்டும் சரிக்குச் சரி வந்துடுச்சு. வரி விகிதத்தை நீங்களோ நானோ மாத்த முடியாது, ஷிப்பிங்கையும் கூலியையும் நாம மாத்த முடியும். மூளையை அங்க செலவு பண்ணுங்க.

சின்ன ஆர்டர்ல இது இன்னும் அப்பட்டமா தெரியும். ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பொருள், எக்ஸ்பிரஸ் கூரியர் 1,500னு வைங்க. வரிக்கான மதிப்புக்கு பொருள் 2,000, அதுல 20 சதவீதம் 400, இன்ஷூரன்ஸ் 22.50, ஆக 2,422.50, வரி 722 ரூபாய். கூரியர் கம்பெனி உங்க வரியை முன்கூட்டி அவங்க கைக்காசுல கட்டிட்டு அப்புறம் உங்ககிட்ட வாங்குறாங்க இல்ல, அதுக்கு டிஸ்பர்ஸ்மென்ட் ஃபீ, அட்வான்ஸ்மென்ட் ஃபீ, ப்ராசசிங் ஃபீன்னு கம்பெனிக்கு ஒரு பேர்ல ஒரு தொகை போடுவாங்க, வரில இத்தனை சதவீதம் ஆனா குறைஞ்சபட்சம் இவ்வளவுன்னு இருக்கும், அந்தக் குறைஞ்சபட்சம்தான் நம்மளை அடிக்கும். உதாரணத்துக்கு 600னு வச்சா அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேத்து 708. அரசாங்கத்துக்கு 722, கூரியர்காரனுக்கு 708! ரெண்டாயிரம் ரூபாய் பொருள் மொத்தம் 4,930க்கு வந்து நிக்குது. இதே பொருள் அஞ்சை ஒரே பெட்டில வாங்கினா, பேனா கணக்கையே வச்சுக்கோங்க, 10,000 பொருள், 3,500 ஷிப்பிங், 3,610 வரி, 708 கூலி, மொத்தம் 17,818, ஒண்ணு 3,564தான் ஆகுது. கம்பெனியைப் பொறுத்து நம்பர் மாறும், போக்கு மாறாது: துண்டு துண்டா வாங்குறவன்தான் அதிகம் குடுக்குறான்.

உடனே நாலு பேரு சேந்து ஒரே ஆர்டரா போட்டுடலாம்னு தோணும். போடலாம், ஒரு அளவுக்கு. வேற வேற பேனா, ரெண்டு இங்க் பாட்டில்னு இருந்தா ஒரு மனுஷன் சொந்தமா வாங்கினதுன்னு நம்பலாம். ஒரே மாடல் இருபது பீஸ் ஒரே பேருக்கு வந்தா, இது வியாபாரம்தானேன்னு அதிகாரி கேப்பாரு, கேக்குறது நியாயம்தான். அப்ப 9804 கிடைக்காது, ஐஇசி எங்க, அது எங்க இது எங்கன்னு ஆரம்பிக்கும், பெட்டி குடோன்ல கிடக்கும், கிடக்குற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

கூரியரா தபாலான்னு ஒரு பழைய விவாதம். என்னோட பக்கம், அவசரம் இல்லாத, ரொம்ப விலை இல்லாத சாமானுக்கு தபால். அந்த ஊர் போஸ்ட் ஆபீஸ்ல ட்ராக்கிங்கோட, முடிஞ்சா இஎம்எஸ்ல (தபால்லயே வேகமான சர்வீஸ்) போடச் சொல்லுங்க, அது இங்க வந்து சென்னை, மும்பை, டெல்லி மாதிரி ஊர்ல இருக்குற ஃபாரின் போஸ்ட் ஆபீஸ்ல கஸ்டம்ஸ் பாத்து, வரி இருந்தா வரியைப் போட்டு, நம்ம ஊர் போஸ்ட்மேன் கைல வரும், அவர்கிட்ட வரியைக் கட்டிட்டு வாங்கிக்கலாம். போஸ்ட் ஆபீஸ் எடுக்குற கட்டணம் கூரியர் கூலியோட பாத்தா சில்லறைதான். குறை என்னன்னா வேகம் கிடையாது, ட்ராக்கிங் வாரக்கணக்குல ஒரே இடத்துல நிக்கும், போன் போட்டு கேக்கவும் ஆள் கிடைக்கிறது கஷ்டம். அந்தப் பொறுமை இல்லாதவங்க, இல்ல பொருள் முப்பதாயிரம் நாப்பதாயிரம்னு போச்சுன்னா, கூரியருக்கே போயிடுங்க.

தபால்ல வர்ற பெட்டி மேல பச்சை கலர்ல ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், சிஎன் 22னு பேரு, பெரிய மதிப்புன்னா சிஎன் 23. உள்ள என்ன இருக்கு, எத்தனை, என்ன விலைன்னு விக்கிறவன் எழுதுறது அதுல. "ஆக்சசரீஸ்"னு மொட்டையா எழுதினா பெட்டியைப் பிரிக்கத்தான் செய்வாங்க. "ஃபவுண்டன் பேனா, 1"னு எழுதி உள்ளயும் வெளியிலயும் இன்வாய்ஸ் வச்சிருந்தா வேலை சீக்கிரம் முடியும். கூரியர்னா கேஒய்சி கேப்பாங்க, ஆதாரோ வேற ஐடியோ, அதுல இருக்குற பேரும் ஆர்டர்ல போட்ட பேரும் ஒண்ணா இருக்கட்டும். ஆர்டர்ல செல்லப்பேரு, ஆதார்ல அப்பா பேரோட முழுப்பேருன்னு இருந்தா அதுக்கே ரெண்டு மூணு நாள் மெயில் போக்குவரத்து நடக்கும்.

சில பெரிய சைட்ல செக்அவுட்லயே கஸ்டம்ஸுக்குன்னு ஒரு தொகையை சேத்து வாங்கிடுவாங்க. இதை டிடிபிம்பாங்க, வரியெல்லாம் அனுப்புறவன் பொறுப்பு, வாசல்ல யாரும் காசு கேக்க மாட்டாங்க. அமேசான்ல இம்போர்ட் ஃபீஸ் டெபாசிட்னு வாங்குவாங்க, நிஜமா ஆன வரி அதை விடக் குறைஞ்சா மிச்சத்தைத் திருப்பிடுவாங்க. புதுசா வாங்குறவங்களுக்கு நான் சொல்றது, முதல் ஆர்டரை இப்படி வாங்குங்க, கொஞ்சம் கூட ஆனாலும் தலைவலி இல்ல. பழகினப்புறம் டிஏபி, அதாவது வரியை நாமளே இங்க கட்டிக்கிற முறைக்கு போங்க. ஆனா முன்கூட்டி வாங்குறவன் எந்த விகிதத்துல போட்டிருக்கான்னு மட்டும் பாத்துக்கணும், சில சின்ன கடை சாஃப்ட்வேர்ல பழைய ரேட்டே ஓடிக்கிட்டிருக்கும், அவன் திருப்பிக் குடுக்கவும் மாட்டான்.

இப்ப எல்லாரும் ரகசியமா கேக்குற ரெண்டு விஷயம். "கிஃப்ட்னு எழுதச் சொல்லிடவா?" வேண்டாம். முன்னாடி 20,000 ரூபாய் வரைக்கும் கிஃப்டுக்கு விலக்கு இருந்துச்சு, அதை சில சீன சைட்டுங்க ஆர்டர் எல்லாத்தையும் கிஃப்டுன்னு அனுப்பி அனுப்பியே காலி பண்ணிட்டாங்க. 2019 டிசம்பர் 12ல டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத்தைப் பாத்துக்கிற அரசு அலுவலகம்) நோட்டிஃபிகேஷன் வந்துச்சு, உயிர் காக்குற மருந்தும் ராக்கிக் கயிறும் தவிர கிஃப்டுன்னு வரியில்லாம எதுவும் வர முடியாதுன்னு. ராக்கியோட வர்ற ஸ்வீட் பாக்ஸுக்கு கூட விலக்கு இல்ல. அமெரிக்காவுல இருக்குற அக்கா நிஜமாவே பாசத்துல அனுப்புறதுக்கும் அதே கதிதான், முழு வரியைக் கட்டி வாங்கிக்கலாம்.

ரெண்டாவது, "விலையைக் குறைச்சுப் போடச் சொல்லவா?" பத்தாயிரம் ரூபாய் பேனாவுக்கு பத்து டாலர்னு எழுதுறது. அதிகாரி கைல போன் இருக்கு, மாடல் பேரைத் தட்டினா விலை வந்துடும். எழுதின விலையை நம்ப முடியலேன்னா அதைத் தள்ளிட்டு அவங்களே மதிப்பு போட அதே 2007 ரூல்ஸ்ல 12ஆவது விதி இருக்கு, அப்புறம் அபராதம் தனி. இதெல்லாம் நடக்கலேன்னே வைங்க, பெட்டி வழில தொலைஞ்சுதுன்னா இன்ஷூரன்ஸ்ல அந்தப் பத்து டாலர்தான் கிடைக்கும். வரி குறைஞ்ச இந்தக் காலத்துல இந்த வேலைக்கு அர்த்தமே இல்ல.

இங்கிலீஷ் வீடியோ பாத்துட்டு "இவ்வளவு டாலர் வரைக்கும் வரி கிடையாதாமே"ன்னு வர்றவங்களும் உண்டு. அது ஊருக்கு ஊர் வேற. அமெரிக்காவுல 800 டாலர் வரைக்கும் இருந்துச்சு, 2025 ஆகஸ்ட் 29ல அதையும் எடுத்துட்டாங்க. பிரிட்டன்ல 135 பவுண்டுக்கு மேல போனாத்தான் டியூட்டி, சிங்கப்பூர்ல 400 வெள்ளின்னு ஒரு கோடு, அதுக்குக் கீழ வர்றதுக்கும் 2023ல இருந்து பெரிய சைட்டுங்க செக்அவுட்லயே ஜிஎஸ்டி வாங்கிடுறாங்க. நம்ம ஊர்ல ஆன்லைன்ல காசு குடுத்து வாங்குற பொருளுக்கு அப்படி ஒரு பெரிய இலவச எல்லை கிடையாது. அச்சுப் புத்தகத்துக்கு மட்டும் கொஞ்சம் கருணை உண்டு, ஐஜிஎஸ்டி கிடையாது, 2019ல போட்ட 5 சதவீத டியூட்டிதான், ஆனா புத்தகம் கனம், ஷிப்பிங்லயே அது போயிடும்.

வரி கட்டினாலும் வராத சாமான் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். ட்ரோன், 2022 பிப்ரவரில இருந்து முழுசா ரெடியானதை வெளிநாட்டுல இருந்து இறக்கத் தடை, சொந்த உபயோகம்னாலும் சரி. இ சிகரெட், 2019 சட்டத்துலயே தடை. இதெல்லாம் எந்த சைட்டும் உங்களை எச்சரிக்காது, காசை வாங்கிட்டு அனுப்பிடுவான், இங்க பறிமுதல் ஆகும், ரீஃபண்டுக்கு நீங்கதான் அவனோட மல்லுக்கட்டணும்.

பில் வந்தப்புறம் அப்படியே கட்டிடாதீங்க, பில் ஆஃப் என்ட்ரி (உங்க பொருளுக்கு கஸ்டம்ஸ்ல தாக்கல் பண்ண படிவம்) காப்பி கேளுங்க, கூரியர்னா மெயில்ல தருவாங்க. அதுல மூணு இடம் பாத்தா போதும். மதிப்பு உங்க இன்வாய்ஸோட ஒத்துப்போகுதா, டாலரையோ யென்னையோ ரூபாயா மாத்தினது கஸ்டம்ஸ் அறிவிச்ச ரேட்ல இருக்கா (கூகுள் ரேட்டோட லேசா வித்தியாசம் இருக்கும், அது தப்பில்ல), எந்தத் தலைப்புல போட்டிருக்காங்க. கூரியர்காரங்க சில சமயம் 9804ல போடாம பொருளோட சொந்தத் தலைப்புல போட்டுடுவாங்க, அது சில பொருளுக்கு குறைச்சலா வரும், சில பொருளுக்கு கூட வரும். கூட வந்திருந்தா கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க, கட்டி பெட்டியை வாங்கினப்புறம் கேட்டா அந்தக் காசு திரும்ப வர்றது குதிரைக் கொம்பு. பொருள் புடிக்கலேன்னு திருப்பி அனுப்பினாலும் அதே கதைதான், கடைக்காரன் பொருள் காசைத் தருவான், கட்டின வரியும் கூரியர் கூலியும் பெரும்பாலும் உங்க தலைலதான், திருப்பி அனுப்புற ஷிப்பிங் வேற. அதனால சட்டை, செருப்பு மாதிரி சைஸ் பாத்து வாங்குற ஐட்டத்தை வெளிநாட்டுல ஆர்டர் போடாதீங்கன்னுதான் சொல்லுவேன்.

கார்டு விஷயத்தை மறந்துட்டேன் பாருங்க. நிறைய கிரெடிட் கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு மார்க்கப் எடுப்பாங்க, 3.5 சதவீதம்னா நம்ம பேனாவும் ஷிப்பிங்கும் சேந்த 13,500க்கு 472, அதுக்கு ஜிஎஸ்டி 85, மொத்தம் 557 ரூபாய், யாருக்கும் தெரியாமலே போயிடும். மார்க்கப் குறைவா இருக்குற கார்டு ஒண்ணு வச்சுக்கோங்க. செக்அவுட்ல "ரூபாய்ல கட்டுறீங்களா, யென்ல கட்டுறீங்களா"ன்னு கேட்டா பெரும்பாலும் யென்தான் சரி, ரூபாய்னு தட்டினா அந்த சைட்காரன் அவன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டுக்குவான், அதுக்கு மேல பேங்க்கும் சில சமயம் கை வைக்கும்.

ஏமாத்து வேலைன்னு முன்னாடி சொன்னேன்ல. "கஸ்டம்ஸ்ல இருந்து பேசுறோம், உங்க பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, இந்த அக்கவுண்ட்டுக்கு காசு போடுங்க"ன்னு போன் வந்தா கட் பண்ணிடுங்க. கஸ்டம்ஸ் அதிகாரி யாரும் தனியார் அக்கவுண்ட்லயோ யுபிஐ நம்பர்லயோ வரி வாங்க மாட்டாங்க, வீடியோ கால்ல உக்கார வச்சு விசாரிக்கவும் மாட்டாங்க. நிஜமான கடிதமா இருந்தா டின் நம்பர் (அந்தக் கடிதத்துக்கான அடையாள எண்) இருக்கும், 2019 நவம்பர்ல இருந்து இந்த முறை, கஸ்டம்ஸை நிர்வகிக்கிற சிபிஐசி வாரியத்தோட வெப்சைட்ல போட்டா உண்மையா பொய்யான்னு தெரிஞ்சிடும். காசு போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "வரி பாக்கி, இந்த லிங்க்ல கட்டுங்க"ன்னு எஸ்எம்எஸ் வந்தா லிங்க்கைத் தொடாதீங்க, கூரியர் ஆப்புல ட்ராக்கிங் நம்பரைப் போட்டுப் பாருங்க, நிஜமா பாக்கி இருந்தா அங்கயே காட்டும்.

இவ்வளவு கணக்கும் போட்டுப் பாத்துட்டு, இந்தியாவுல அதிகாரபூர்வமா விக்கிறவன் என்ன விலை சொல்றான்னும் ஒரு தடவை பாத்துடுங்க. வித்தியாசம் பத்து, பதினைஞ்சு சதவீதத்துக்குள்ள இருந்தா நான் இங்கயே வாங்கிடுவேன், வாரண்ட்டி கிடைக்கும், கெட்டுப்போனா மாத்தலாம், போஸ்ட்மேனுக்கு காத்திருக்க வேணாம். வித்தியாசம் நிறைய இருந்து, அடுத்த மாசம் மச்சான் யாராவது துபாய்ல இருந்தோ சிங்கப்பூர்ல இருந்தோ ஊருக்கு வர்றாருன்னா, அவரோட பேகேஜ் அலவன்ஸ் (பயணி வரியில்லாம கூடக் கொண்டு வரலாம்ங்கற அளவு) தனிக் கணக்கு, அதுக்குள்ள அடங்குற சின்ன சாமானை அவரு பெட்டில கொண்டு வந்தா இந்த ஷிப்பிங், கூலி எதுவுமே கிடையாது, பில்லை மட்டும் கைல வச்சுக்கச் சொல்லுங்க.